பாடபேதம் கொண்ட குரல்: கேட் புஷ்ஷின் ஒலிப்பதிவுகளை அணுகும் முறை

1978 மார்ச்சில் நான்கு வாரம் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் நின்ற ‘வதரிங் ஹைட்ஸ்’ பாடலுக்கு இரண்டு குரல்கள் உண்டு. இருபது வயது நிரம்பாத கேட் புஷ் நள்ளிரவில், ஒரே மூச்சில் பாடி முடித்தது முதலாவது. 1986-இல் ‘தி ஹோல் ஸ்டோரி’ என்ற தொகுப்புக்காக அவரே மறுபடி பாடியது இரண்டாவது. மெட்டும் சொல்லும் ஒன்றுதான். ஆனால் முதலாவதில் பேசுபவள் உடலை விட்டு நீங்கிய ஓர் ஆவி. எட்டாத உயரத்தில் நிற்கும் குரல் சன்னலைத் தட்டுகிறது. இரண்டாவதில் அதே ஆவிக்கு எடையும் சதையும் வந்துவிட்டன. எமிலி பிராண்டேயின் நாவலிலிருந்து எழுந்த ஒரே பாத்திரத்துக்கு இரண்டு வாசிப்புகள்.

வெகுசன இசை விமர்சனம் பெரும்பாலும் முதற்பதிவையே பாடலாகக் கொள்கிறது. அதன்பின் வந்தவற்றை வணிகத் தேவைக்குச் செய்த மறுபதிவுகள் என்று ஒதுக்கிவிடுகிறது. கேட் புஷ் விஷயத்தில் இந்தப் பழக்கம் பெரும் பிழைக்கு இட்டுச்செல்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். 1980-க்குப் பின் அவர் இயற்றுவது பாடலை அன்று, பதிவை. மெட்டையும் சொற்களையும் காகிதத்தில் பிரித்தெடுத்தால் மிஞ்சுவது படைப்பின் ஒரு பகுதிதான். அப்படியானால் அவருடைய வெவ்வேறு பதிவுகளை, ஒரு நூலின் வெவ்வேறு சுவடிகளைப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். பதிப்பியலில் நாம் பாடபேதம் என்று சொல்வது இங்கே காதால் கேட்கக் கிடைக்கிறது.

தொடக்கத்தில் நிலைமை இப்படி இல்லை. கென்ட் பகுதியில், வெல்லிங்கில் உள்ள ஈஸ்ட் விக்கம் பண்ணைவீட்டில் வளர்ந்த புஷ், சிறு வயதிலேயே பியானோவில் பாடல்களைக் கட்டியவர். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் அவற்றின் ஒலிநாடாவைக் கேட்டு, 1975-இல் தன் செலவில் முறையான பதிவுக்கு ஏற்பாடு செய்தார். அப்போது புஷ்ஷுக்குப் பதினாறு வயது. அன்று பதிவான இரண்டு பாடல்கள் 1978 பிப்ரவரியில் வந்த ‘தி கிக் இன்சைட்’ ஆல்பத்தில் அப்படியே இடம்பெற்றன. பாடகி பாடுவார், தேர்ந்த கலைஞர்கள் வாசிப்பார்கள், தயாரிப்பாளர் ஆண்ட்ரூ பவல் முடிவெடுப்பார் என்பதே ஏற்பாடு. அதே ஆண்டு நவம்பரில் இசைத்தட்டு நிறுவனம் இரண்டாவது ஆல்பத்தையும் வெளியிட்டுவிட்டது. அவசரத்தில் பிறந்த அந்த ‘லயன்ஹார்ட்’டுக்கு அவர் புதிதாக எழுதியவை மூன்றே பாடல்கள், மற்றவை பழைய கையிருப்பு. நேரம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் படைப்பு இருக்கிறது என்பதை அவர் அப்போதே கற்றிருக்க வேண்டும். பின்னாளில் அவர் நடந்துகொண்ட விதம் வேறு எதையும் சொல்லவில்லை.

திருப்பம் ஒரு கருவியால் நேர்ந்தது. பாடகர் பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்தில் துணைக்குரல் பாடச் சென்ற காலத்தில், ஆஸ்திரேலியாவில் உருவான ஃபேர்லைட் என்னும் கணினி இசைக்கருவி புஷ்ஷுக்கு அறிமுகமானது. எந்த ஓசையையும் சில நொடிகளுக்குள் பிடித்துவைத்து, விசைப்பலகையில் சுருதி சுருதியாக வாசிக்கத் தரும் கருவி அது. ‘பபூஷ்கா’ பாடலின் இறுதியில் நொறுங்கும் கண்ணாடி அந்த வழியே வந்தது. கணவனைச் சோதிக்க வேறொரு பெண்ணின் பெயரில் கடிதம் எழுதி, தன் வாழ்வைத் தானே உடைத்துக்கொள்ளும் மனைவியின் கதை அது. உடைவதை எந்தச் சொல்லும் சொல்லவில்லை, கண்ணாடி சொல்கிறது. அந்த ஓசையை நீக்கிவிட்டால் கதைக்கு முடிவே இல்லை. இதனால்தான் பதிவே படைப்பு என்கிறேன். இப்பாடல் இடம்பெற்ற ‘நெவர் ஃபார் எவர்’, பிரிட்டனைச் சேர்ந்த ஒரு தனிப் பாடகியின் ஆல்பம் அந்நாட்டின் பட்டியலில் முதலிடம் பெற்ற முதல் நிகழ்வு. அதன் தயாரிப்பில் ஜான் கெல்லியோடு புஷ்ஷின் பெயரும் உண்டு.

1982-இன் ‘தி ட்ரீமிங்’ முழுக்க அவரே தயாரித்தது. குரலை அழகாக வைத்துக்கொள்வது பாடகரின் கடமை என்ற நம்பிக்கையை அது உடைத்தெறிந்தது. ‘ஹூடினி’ பாடலுக்குக் கரகரப்பான தொண்டை வேண்டும் என்பதற்காக அவர் பாலும் சாக்லெட்டும் உட்கொண்டுவிட்டுப் பாடினார். தொண்டையைக் காக்கப் பாடகர்கள் எதைத் தவிர்ப்பார்களோ அதையே அவர் தேடிப் போனார். பல கூடங்களில் மாறி மாறிப் பதிவான அந்த ஆல்பம் மூன்றாம் இடம் வரை வந்தாலும் விற்பனையில் முந்தையவற்றை எட்டவில்லை. ஆனால் அதன் செறிவுக்கு ஈடான ஆல்பங்கள் அந்தப் பத்தாண்டில் மிகச் சிலவே என்பது என் கணிப்பு.

மணிக்கணக்கில் வாடகை ஏறும் கூடங்களில் இப்படி வேலை செய்ய முடியாது. எனவே அவர் பண்ணையின் கொட்டகையிலேயே சொந்த ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்துக்கொண்டார். அவரது வாழ்க்கையில் மிக முக்கியமான படைப்பு முடிவு இதுதான் என்று நினைக்கிறேன். பொதுவாக ஒரு பாடலின் மாதிரிப் பதிவு வெறும் குறிப்பாகவே இருக்கும். அதை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் புதிதாகப் பதிவார்கள். அப்போது முதல் வேகத்தில் அமைந்த ஏதோ ஒன்று தொலைந்துபோகும். ‘ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்’ ஆல்பத்துக்கு அவர் மாதிரிப் பதிவையே அடிமண்ணாக வைத்தார். எட்டுத் தட நாடாவில் இருந்ததை இருபத்துநான்கு தட நாடாவுக்கு மாற்றி, அதன்மேலேயே கட்டினார். ‘ரன்னிங் அப் தட் ஹில்’ பாடலில் ஓயாமல் உருளும் தாளம், பேஸ் கிட்டார் கலைஞர் டெல் பாமர் லின்ட்ரம் என்னும் தாள இயந்திரத்தில் அமைத்தது; மேலே அலறும் இழை ஃபேர்லைட்டில் இசைத்தது. வரைவுக்கும் முடிந்த பிரதிக்கும் இடையிலான கோடு இங்கே அழிந்துவிடுகிறது.

அதே இசைத்தட்டின் மறுபக்கமான ‘தி நைன்த் வேவ்’ இதைவிடத் துணிச்சலானது. இரவில் கடலில் தனித்து மிதக்கும் ஒரு பெண்ணின் மயக்கமும் நினைவும் ஏழு பகுதிகளாக ஓடுகின்றன. ஐரிஷ் நடன இசை, ஹெலிகாப்டர் ஓசை, ஜார்ஜிய நாட்டுப்புறப் பாடலின் சேர்ந்திசை எல்லாம் ஒரே நீரில் கலக்கின்றன. இதை மேடையில் காண 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1979-க்குப் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் தொடர் நிகழ்ச்சி எதுவும் நடத்தவில்லை. இதைக் கூச்சம் என்றும் துறவு என்றும் எழுதியவர்கள் உண்டு. எழுத்தாளர் மேடையேறாததை யாரும் துறவு என்று சொல்வதில்லை.

என் வாதத்துக்கு எதிராக இரண்டு தடைகளை எழுப்பலாம். முதலாவது, இவ்வளவு பேரின் கைவண்ணம் சேர்ந்ததை ஒருவரின் படைப்பாகச் சொல்வது தகுமா என்பது. அண்ணன் பேடி புஷ் கொண்டுவந்த அரிய வாத்தியங்கள், டெல் பாமரின் பேஸ் கிட்டார், டப்ளின் கலைஞர்கள், 1989-இல் சேர்ந்து பாடிய பல்கேரிய மூவர் ஆகியோர் இன்றி இந்தப் பதிவுகள் இல்லை. இந்தத் தடையில் நியாயம் இருக்கிறது. ஆயினும் எதை வைப்பது, எதை அழிப்பது என்ற தெரிவு ஒருவரிடமே இருந்தது. ஆசிரியத்துவத்தை அந்தத் தெரிவில்தான் தேட வேண்டும்.

இரண்டாவது தடை கடுமையானது. பதிவே படைப்பு என்றால், அவரே ஏன் அதைக் கலைத்தார்? 2011-இல் ‘டைரக்டர்ஸ் கட்’ என்ற பெயரில், ‘தி சென்சுவல் வேர்ல்ட்’ (1989), ‘தி ரெட் ஷூஸ்’ (1993) ஆகிய ஆல்பங்களிலிருந்து பதினொரு பாடல்களை எடுத்துத் திருத்தினார். பல வாத்தியத் தடங்களை வைத்துக்கொண்டு, குரலையும் டிரம்ஸையும் மாற்றினார். மூன்று பாடல்களை அடியிலிருந்து புதிதாகப் பதிந்தார். அந்தப் பதினொன்றில் ஒன்றின் வரலாறு இந்தத் தடைக்கு விடை தருகிறது. ‘தி சென்சுவல் வேர்ல்ட்’ பாடலுக்கு ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ நாவலில் வரும் மாலி ப்ளூமின் தனிமொழியைப் பயன்படுத்தவே அவர் விரும்பினார். அன்று உரிமையாளர்கள் அனுமதிக்காததால் சொந்தச் சொற்களை எழுதிப் பாடினார். இருபது ஆண்டுகளுக்குப் பின் அனுமதி கிடைத்ததும், ‘ஃபிளவர் ஆஃப் தி மௌன்டன்’ என்று பெயர் மாற்றி, ஜாய்ஸின் சொற்களை அதே இசையில் பொருத்தினார். பாடல்தான் படைப்பு என்று கருதியிருந்தால், புதுச் சொற்களை ஒரு மேடையில் பாடிவிட்டுப் போயிருக்கலாம். அவருக்கோ பதிவிலேயே திருத்தம் வேண்டியிருந்தது. நூலாசிரியர் இரண்டாம் பதிப்பில் செய்வதும் இதுவே. திருத்தப் பதிப்பு எல்லா இடத்திலும் மேலானது என்று சொல்லமாட்டேன். ‘திஸ் வுமன்ஸ் வொர்க்’ பாடலின் 1989 பதிவில் உள்ள தவிப்பு 2011-இல் நிதானமாகிவிட்டது. ஒப்பிட்டுப் பேச இரண்டும் நமக்குத் தேவை.

அந்தத் தேவைக்கு ஆபத்தும் இருக்கிறது. 2005-இல் வந்த ‘ஏரியல்’ ஆல்பத்தில் ஓவியராகக் குரல் கொடுத்தவர் ரோல்ஃப் ஹாரிஸ். அவர் 2014-இல் சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார். 2018 மறுபதிப்பில் அந்தக் குரலை நீக்கி, தன் மகனின் குரலை வைத்தார் புஷ். அது அவருடைய உரிமை. நான் மதிக்கும் முடிவும்கூட. ஆனால் புதிய பதிப்பை மட்டும் கையில் வைத்திருக்கும் ஆய்வாளருக்கு இப்படி ஒரு மாற்றம் நடந்ததே தெரியாது.

2022-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் வழியே ‘ரன்னிங் அப் தட் ஹில்’, முதலில் வெளியாகி முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கேட்டது 1985-இன் பதிவையே. அவருடைய பாடல்களைக் குறித்து இனி எழுதுவோரை ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பாடலின் பெயருக்குப் பக்கத்தில் பதிவின் ஆண்டையும் குறியுங்கள். முதல் வேலையாக ‘வதரிங் ஹைட்ஸ்’ பாடலின் 1978 பதிவையும் 1986 பதிவையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள்.