சிலாங்கூர்–சிங்கப்பூர் காற்பந்துப் போட்டியும் மலேசியப் பிரிவினையும்

சிலாங்கூர், சிங்கப்பூர் காற்பந்துக் குழுக்களுக்கும் அவற்றின் ஆதரவாளர்களுக்கும் இடையே 1921இல் தொடங்கிய போட்டி, மலேசியக் கூட்டரசு உருவாகி உடைந்த வரலாற்றோடு பின்னிக்கிடப்பது. இரண்டும் 1963இல் ஒரே நாட்டின் மாநிலங்கள் ஆயின. 1965இல் சிங்கப்பூர் பிரிந்தது. ஆனால் காற்பந்தில் அந்தப் பிரிவு நடக்கவில்லை. இடையே சில ஆண்டுகள் நீங்கலாக, 1994 வரை இரு தரப்பும் ஒரே கிண்ணத்துக்காக மோதின. அரசியல்வாதிகள் கையெழுத்திட்டு முடித்துவைத்த வழக்கை ரசிகர்கள் மேலும் ஏறத்தாழ முப்பதாண்டுகள் திடலில் நடத்தினார்கள்.

மலாய் மாநிலங்களின் பணத்தில் கட்டப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'மலாயா' 1921இல் மலாயாக் கரைகளுக்கு வந்தது. கப்பலின் அதிகாரிகள் அளித்த கிண்ணமே மலாயா கிண்ணம். அவ்வாண்டு கோலாலம்பூரில் நடந்த முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2–1 என்று சிலாங்கூரை வென்றது. அடுத்த ஆண்டு சிலாங்கூர் பழி தீர்த்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய இறுதியாட்டங்களில் பெரும்பாலானவை சிங்கப்பூர் இல்லாமல் நடக்கவில்லை. அன்று இரு ஊர்களும் ஒரே பேரரசின் கீழ் இருந்ததால், சண்டை ஊர்ப் பெருமையோடு நின்றது.

இந்தப் பெருமை தோட்டப்புறங்களிலும் வேரூன்றியது. கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஜெராம், சுங்கை செம்பிலாங், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) என்று ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில்தான் போடப்பட்டது. தோட்டமென்றால் கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, அவற்றோடு ஒரு பந்துத் திடல். காலையில் பால்மரம் வெட்டியவர்களே மாலையில் அங்கே பந்து உதைத்தார்கள். கோலாலம்பூர் ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவு. டிக்கெட்டுக்கும் பஸ்ஸுக்கும் காசு உள்ளவர் சிலரே என்பதால், மற்றவர்களுக்கு ஆட்டம் வானொலியிலும் மறுநாள் 'தமிழ் நேசன்' நாளிதழிலும் நடந்தது. சிலாங்கூரின் சிவப்பு மஞ்சள் நிறம் அவர்களுடைய நிறம். ஆயினும் சிங்கப்பூர்த் துறைமுகத்திலும் கடற்படைத் தளத்திலும் வேலை பார்த்த அண்ணன் தம்பிகளும் மாமன் மச்சான்களும் பல குடும்பங்களில் இருந்தனர்.

இணைப்பு, பிரிவு இரண்டையும் அறிவித்தவர் துங்கு அப்துல் ரஹ்மான். அவர் பிரதமர் மட்டுமல்லர். 1951 முதல் 1974 வரை மலாயா, பின்னர் மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் தலைவர். 1958 முதல் 1977 வரை ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவரும் அவரே. 1961 மே 27 அன்று சிங்கப்பூரில் அவர் இணைப்பைப் பற்றிப் பேசினார். 1963 செப்டம்பர் 16 அன்று மலேசியா பிறந்தது. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் சிங்கப்பூர் வீரர்கள் மலேசியக் கொடியின் கீழ் நடந்தார்கள். அதே ஆண்டு மலாயா கிண்ணத்தைப் பேராக்கை 3–2 என்று வென்று சிங்கப்பூர் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டின் ஜூலையிலும் செப்டம்பரிலும் சிங்கப்பூர்த் தெருக்களில் இனக் கலவரம் நடந்து உயிர்கள் போயின. ஓராண்டுக்குள் இத்தனையும் நடந்தன.

இணைப்பைச் சுற்றி எழுந்த விவாதம் தமிழர்களை நேராகத் தொட்டது. சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூவின் மக்கள் செயல் கட்சி 1964 பொதுத் தேர்தலில் தீபகற்பத்தில் போட்டியிட்டு ஒரே ஓர் இடத்தை வென்றது. பங்சாரில் வென்ற அந்த ஒருவர் தொழிற்சங்கத் தலைவர் தேவன் நாயர். 'மலேசியர்க்கே மலேசியா' என்ற அக்கட்சியின் முழக்கம், குடியுரிமைக்காகக் காத்திருந்த தொழிலாளிக்கு நம்பிக்கையாக ஒலித்தது. மறுபுறம், கூட்டணி அரசில் பங்குபெற்ற மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) துன் வீ.தி. சம்பந்தன் தலைமையில் துங்குவின் பக்கம் நின்றது. சிங்கப்பூர் அமைச்சரவையிலோ யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த சி. ராஜரத்தினம் இருந்தார். ஒரு தமிழர் எந்தப் பக்கம் நின்றாலும் எதிர்ப்பக்கத்தில் தம்மவர் ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்தது. பின்னாளில் காற்பந்திலும் இதே நிலைதான்.

1965 ஆகஸ்ட் 9 அன்று பிரிவினை மசோதா மக்களவையில் 126 வாக்குகளோடு, எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. சிங்கப்பூர் உறுப்பினர்கள் அவையில் இல்லை. பிரிவினை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சிங்கப்பூர் அமைச்சர்களில் ராஜரத்தினமும் ஒருவர். அந்த ஆண்டின் மலாயா கிண்ண இறுதியாட்டத்தில் மோதியவை சிலாங்கூரும் சிங்கப்பூரும்; சிங்கப்பூர் 3–1 என்று வென்றது. 1967இல் நாணயம் தனித்தனியானது. உறவினரைப் பார்க்க ஜொகூர் பாலத்தைக் கடப்பவர் கையில் பயணப்பத்திரம் வேண்டியதாயிற்று. 1972இல் கூட்டு விமான நிறுவனமும் இரண்டாகியது. கிண்ணம் மட்டும் பொதுவில் இருந்தது. 1967இல் அதற்கு மலேசியா கிண்ணம் என்று பெயரும் மாறியது. ஒரு நாட்டின் பெயர் தாங்கிய கிண்ணத்துக்கு அந்த நாட்டை விட்டுப் போனவர்கள் ஆடுவது சரியா என்ற கேள்வி அப்போதே எழத் தொடங்கியது.

தோட்டத்து மக்களுக்கு இது வெறும் வாய்ச்சண்டை அல்ல. கோலாலம்பூரில் 1969 மே 13 அன்று வெடித்த இனக் கலவரத்துக்குப் பின், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் பெற வேண்டுமென்ற விதி கடுமையானது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பல்லாயிரம் இந்தியர்கள் தாயகம் திரும்ப நேர்ந்தது. யார் உள்ளூர், யார் வெளியூர் என்ற கேள்வியின் சூட்டை அனுபவித்தவர்களே சனிக்கிழமை இரவு சிலாங்கூருக்காகக் குரல் கொடுத்தார்கள் என்பதை இந்தப் போட்டியைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

போட்டியின் உச்சம் 1975 முதல் 1981 வரை. அந்த ஏழு இறுதியாட்டங்களிலும் சிங்கப்பூர் இருந்தது. ஆறில் எதிரே நின்றது சிலாங்கூர். 1975, 1976, 1978, 1979, 1981 ஆகிய ஐந்தையும் சிலாங்கூர் வென்றது. 1980இல் பதினேழே வயதான ஃபண்டி அகமது அடித்த கோலால் சிங்கப்பூர் 2–1 என்று வென்றது. சிலாங்கூர் எதிரே இல்லாத 1977இல் பினாங்கை 3–2 என்று வீழ்த்திக் கிண்ணத்தைக் கொண்டுபோனது. 1973இல் திறக்கப்பட்ட காலாங் தேசிய அரங்கத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் எழுப்பிய 'காலாங் முழக்க'த்துக்குக் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம் பதில் சொன்னது. பிரிந்து போனவர்களுக்கு நம் கிண்ணத்தில் என்ன வேலை என்பது சிலாங்கூர்க்காரர் வாதம். அனுப்பிவைத்தது யார் என்பது சிங்கப்பூர்க்காரர் பதில். இரண்டிலும் உண்மை இருந்ததால் சண்டை ஓயவில்லை.

சிலாங்கூரின் பெருநட்சத்திரம் மொக்தார் டஹாரி. தோட்டத்து ரசிகர்கள் நெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் நின்றவர் கோல்காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளை விரித்து இருபுறமும் பாய்ந்து பந்தைப் பிடித்ததால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் பெற்றவர். 1988இல் சாலை விபத்தில் இறந்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியாவுக்குத் தலைமை தாங்கிய எம். சந்திரனும் சிலாங்கூர்க்காரரே. எதிரணியில் பந்தை வளைத்து அடிக்கும் 'வாழைப்பழ உதை'க்குப் பேர்போன எஸ். ராஜகோபாலும், தற்காப்பில் அசையாத தூணாகச் சமது அல்லாப்பிச்சையும் ஆடினார்கள். அரசியல் எல்லை எங்கே போடப்பட்டிருந்தாலும், தமிழ்ப் பெயர்கள் இரண்டு ஜெர்சியிலும் இருந்தன.

உலகில் பிற இடங்களில் இந்த வரிசை மாறியிருக்கிறது. யூகோஸ்லாவியாவில் 1990 மே 13 அன்று சாக்ரெப் நகர மாக்சிமிர் அரங்கில் டினமோ, ரெட் ஸ்டார் ஆதரவாளர்கள் மோதினார்கள். குரோவேஷியா விடுதலை அறிவித்தது அதற்கு ஓராண்டு கழித்து, 1991 ஜூனில். அங்கே கூட்டாட்சியின் முறிவு முதலில் தெரிந்த இடங்களில் ஒன்று திடல். மலேசியாவில் நடந்தது நேர் எதிர்: நாடு முதலில் முறிந்தது, ஆட்டம் கடைசியில்தான் முறிந்தது. அந்த இடைவெளியில் திடலில் பெருங்கலவரம் எதுவும் மூளாமல் வாய்ப்போரோடு நின்றது இரு நாட்டு ரசிகர்களுக்கும் பெருமை.

1982 முதல் 1984 வரை சிங்கப்பூர் இந்தக் கிண்ணத்தில் இல்லை, 1985இல் திரும்பியது. 1994 டிசம்பர் 17 அன்று, சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலாமில் புதிதாகக் கட்டிய அரங்கில், அது இறுதியாட்டத்தில் பகாங்கை 4–0 என்று வீழ்த்தியது. பல்லாயிரக்கணக்கான சிங்கப்பூர் ஆதரவாளர்கள் பாலம் கடந்து வந்திருந்தார்கள். சில வாரங்களிலேயே டிக்கெட் வசூல் பங்கீட்டில் இரு நாட்டுக் காற்பந்துச் சங்கங்களுக்கும் இடையே தகராறு முற்றியது. ஆட்ட நிர்ணய ஊழல் விசாரணைகளும் சேர்ந்துகொள்ள, 1995 தொடக்கத்தில் சிங்கப்பூர் விலகி, 1996இல் தன் சொந்த லீக்கைத் தொடங்கியது. கொள்கையால் பிரியாதது கணக்கால் பிரிந்தது.

2012இல் 'லயன்ஸ் டுவெல்வ்' என்ற குழுவின் வடிவில் சிங்கப்பூர் மீண்டும் மலேசியப் போட்டிகளுக்கு வந்தது. 2013இல் சூப்பர் லீக்கையும் 2015இல் எஃப்.ஏ. கிண்ணத்தையும் வென்றது. 2015 நவம்பரில் மலேசியக் காற்பந்துச் சங்கம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காததால் அதுவும் முடிந்தது. மலேசியா கிண்ணத்தைச் சிலாங்கூர் 33 முறையும் சிங்கப்பூர் 24 முறையும் வென்றுள்ளன. வெற்றிப் பட்டியலில் முதல் இரண்டு இடங்களில் இன்னும் நிற்பவை இந்த இரண்டு பெயர்களே.