கண்ணாடிக்குள் பிறந்த வெளிச்சம்

கண்ணாடிக்கு நிறம் ஏற்றுவது பழைய தொழில். ஒரே பொருளைக் கலந்தாலும், உலையின் சூட்டுக்கும் நேரத்துக்கும் தக்கபடி நிறம் மாறும். ஏன் என்று துருவியவர் லெனின்கிராடின் வவிலோவ் ஒளியியல் நிறுவனத்தில் இருந்த அலெக்ஸி எகிமோவ். செம்பு குளோரைடு கலந்த கண்ணாடியை 500 முதல் 700 டிகிரி வரை, 1 மணி நேரத்திலிருந்து 96 மணி நேரம் வரை சூடாக்கினார். எக்ஸ்ரேயில் பார்த்தால் உள்ளே நுண்படிகங்கள். சில 2 நானோமீட்டர், சில 30. படிகம் சிறுக்கச் சிறுக்க, அது உறிஞ்சும் ஒளி நீலப் பக்கம் நகர்ந்தது. 1981-ல் சோவியத் இதழொன்றில் இதை எழுதினார்.

அதை அறியாமலே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லூயி புருஸ் 1983-ல் அதே முடிவுக்கு வந்தார். அவர் திரவத்தில் செய்து மேசைமேல் விட்டிருந்த காட்மியம் சல்ஃபைடு துகள்கள், வளர்ந்ததும் வேறு நிற ஒளியை உறிஞ்சின. எலெக்ட்ரானுக்கு இடம் குறுகினால் அதன் ஆற்றல் கூடும். அதனால் பொருளை மாற்றாமல், அளவை மட்டும் மாற்றியே நிறத்தை மாற்றலாம். இத்தகைய நுண்துகள்களே குவாண்டம் புள்ளிகள்.

1993-ல் எம்ஐடியில் மௌங்கி பவெண்டி குழு, சூடான கரைப்பானில் மூலப்பொருளைச் சட்டென்று செலுத்தி, ஒரே அளவில் துகள்களை விளைவித்தது. ஆனால் அவை எண்ணெயோடுதான் சேரும்; மருத்துவத்துக்குப் பயன்படுத்த நினைத்தால், உடலோ நீரால் ஆனது. எனவே படிகத்துக்கு மேல்சட்டை தைக்கும் வேலை தொடங்கியது. 1998-ல் 'சயின்ஸ்' இதழின் ஒரே வெளியீட்டில் பெர்க்லியின் அலிவிசாடோஸ் குழுவும் இந்தியானாவின் ஷுமிங் நீ குழுவும், நீரில் கரையும் புள்ளிகளால் செல்களுக்கு ஒளியூட்டிக் காட்டின.

2004-ல் நீயின் குழு, எதிர்ப்புரதம் ஒட்டிய புள்ளிகளை எலிக்கு ஊசி வழியே ஏற்றியது. அவை புராஸ்டேட் புற்றுக்கட்டியில் போய்ச் சேர்ந்து ஒளிர்ந்தன. அதே ஆண்டு பவெண்டி, பாஸ்டன் மருத்துவர்களோடு சேர்ந்து, சதை அதிகம் தடுக்காத அகச்சிவப்பில் ஒளிரும் புள்ளிகளால், பன்றியின் உடலில் 1 செ.மீ. ஆழத்திலிருந்த நிணநீர் முடிச்சைத் திரையில் காட்டினார். புற்று பரவியதா என்று அறிய அறுவை மருத்துவர் முதலில் தேடும் முடிச்சு அது.

புற்றைக் காட்டுவதோடு நிற்காமல், புள்ளிகளை அதைக் கொல்லவும் வைக்கலாம் என்று 2003-லேயே ஓஹியோவில் ஒரு குழு முயன்றது. வாங்கிய ஒளியின் ஆற்றலைப் புள்ளி ஆக்ஸிஜனுக்குக் கைமாற்றினால், அந்த ஆக்ஸிஜன் செல்லைச் சிதைக்கும்.

சிக்கல், புள்ளிகளில் உள்ள காட்மியம். புள்ளியின் மேற்பரப்பு ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் காட்மியம் கசிந்து கல்லீரல் செல்களைக் கொல்கிறது. புள்ளிகள் டிவி திரைக்கு வந்தாயிற்று; எகிமோவ், புருஸ், பவெண்டி மூவருக்கும் 2023-ல் நோபலும் கிடைத்தது. நோயாளியின் உடலுக்குள் போவதற்கோ, காட்மியத்தைத் தவிர்த்த இந்தியம் பாஸ்பைடும் சிலிக்கனும் சோதனையில் இருக்கின்றன. ஒளிர வைப்பதைவிட, வேலை முடிந்ததும் தீங்கில்லாமல் வெளியேற்றுவதுதான் பெரும்பாடு.