மின் உற்பத்திக்கு உயிரி எரிபொருள்: மூலப்பொருளைத் தேர்வு செய்வது எவ்வாறு?

நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 75 கோடி டன் உயிரிப்பொருள் கிடைப்பதாகவும், தீவனம் உள்ளிட்ட பயன்பாடுகள் போக சுமார் 23 கோடி டன் வேளாண் கழிவுகள் உபரியாக எஞ்சுவதாகவும் மத்திய புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் மதிப்பிட்டுள்ளது. ஆனால், எரியக்கூடிய கழிவுகள் அனைத்தும் மின் நிலையத்துக்கு ஏற்றவை அல்ல. வெப்ப மதிப்பு, ஈரப்பதம், சாம்பலின் தன்மை, கிடைக்கும் பருவம், கொண்டுவர வேண்டிய தொலைவு, வேறு பயன்பாடு ஆகியவற்றை ஒருசேர ஆராய்ந்தே மூலப்பொருள் தேர்வு செய்யப்படுகிறது.

ஆலையிலேயே கிடைப்பவை

கரும்புச் சக்கையில் ஏறத்தாழ பாதி ஈரப்பதமே. ஆயினும், அது சர்க்கரை ஆலையிலேயே கிடைப்பதால் சேகரிப்புச் செலவும் போக்குவரத்துச் செலவும் இல்லை. அதனை எரித்துப் பெறப்படும் நீராவியும் மின்சாரமும் ஆலைக்குப் பயன்படுகின்றன. உபரி மின்சாரம் மின் தொகுப்புக்கு வழங்கப்படுகிறது. அரவைப் பருவம் முடிந்ததும் வரத்து நின்றுவிடுவது இதன் குறைபாடு. உலர்ந்த நிலையில் கிடைக்கும் உமியை அரிசி ஆலைகள் தங்கள் கொதிகலன்களுக்கே பயன்படுத்துவதால், மின் நிலையங்கள் அதற்குப் போட்டியிட வேண்டியுள்ளது.

வைக்கோலின் சிக்கல்

பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் கோதுமை வைக்கோல் தீவனமாக விலைபோகிறது. மணற்சத்து மிகுந்த பாசுமதி அல்லாத நெல் வைக்கோலை அங்குள்ள விவசாயிகள் தீவனமாக அதிகம் விரும்புவதில்லை. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு, மூன்று வாரங்களே இருப்பதால், வயலிலேயே அது எரிக்கப்படுகிறது. அந்தப் புகை தில்லியின் குளிர்காலக் காற்று மாசுக்கு ஒரு காரணமாகிறது.

வேறு பயன் குறைந்த இந்த வைக்கோல் எரிபொருளுக்கு உகந்ததாகத் தோன்றினாலும், அதிலுள்ள பொட்டாசியமும் குளோரினும் சாம்பலைக் குறைந்த வெப்பத்திலேயே உருகச் செய்கின்றன. உருகிய சாம்பல் கொதிகலன் குழாய்களில் படிந்து இறுகுவதுடன், அவற்றை அரிக்கவும் செய்கிறது. எனவே, இதற்கெனத் தனியாக வடிவமைக்கப்பட்ட கொதிகலன் தேவை. அல்லது, பெல்லட் எனப்படும் எரி உருளைகளாக்கி, நிலக்கரியுடன் சிறிதளவு கலந்து எரிக்க வேண்டும்.

உத்தரப்பிரதேசத்தின் தாத்ரியில் உள்ள தேசிய அனல்மின் கழகத்தின் நிலையத்தில் 2017-ம் ஆண்டு இம்முறை சோதிக்கப்பட்டது. அனல் மின் நிலையங்கள் 2024-25-ம் நிதியாண்டு முதல் 5 சதவீதமும், அடுத்த நிதியாண்டு முதல் 7 சதவீதமும் உயிரிப்பொருளைக் கலக்க வேண்டும் என 2023-ம் ஆண்டு திருத்தப்பட்ட மத்திய மின்துறை அமைச்சகத்தின் கொள்கை வகை செய்தது.

சேகரிப்பே அடிப்படை

வைக்கோல் எடை குறைந்தது. அதிக இடத்தை அடைப்பது. தொலைவு கூடக்கூடச் செலவும் கூடுகிறது. சில வாரங்களில் சேகரித்ததை மழையிலிருந்தும் தீயிலிருந்தும் ஆண்டு முழுவதும் பாதுகாக்க வேண்டும். மண்ணின் கரிமச் சத்தைக் காக்க, கழிவின் ஒரு பகுதியை வயலிலேயே விட்டுவைப்பதும் அவசியம்.

விதைப்புக்கு முன் வைக்கோல் கட்டும் இயந்திரம் வயலுக்கு வந்து சேர வேண்டும். கிடைக்கும் விலை அதற்கான செலவை ஈடுசெய்ய வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில், உபரி எவ்வளவு இருந்தாலும் அது மின் நிலையத்தைச் சென்றடைவதில்லை.