சுமையும் சுருள்வில்லும்

சுமையின்றி ஓடும் லாரி மேடு பள்ளங்களில் குதித்துக் குதித்துச் செல்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே லாரி மூட்டைகளை ஏற்றியதும் அமைதியாக அசைந்து போகிறது. காரணம், அதன் அடியிலுள்ள கமான் பட்டைகளே. நிறைந்த சுமைக்கென அமைத்த வில், சுமை இல்லாதபோது விறைத்து நிற்கிறது. இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பொறியாளர்கள் முயன்ற வரலாறு சுவையானது.

வில்லின் அடிப்படை விதியை 1678இல் இங்கிலாந்து நாட்டு ராபர்ட் ஹூக் விளக்கினார். வில்லின் மீது ஏற்றும் எடைக்கு நேர்விகிதத்தில் அது அமுங்கும். எடையால் 25 செ.மீ. அமுங்கி நிற்கும் வில்லின்மேல் வண்டி விநாடிக்கு ஒரு முறை மெல்ல அலையும். 6 செ.மீ. மட்டுமே அமுங்கி நின்றால் விநாடிக்கு இரு முறை அலைந்து ஆளைக் குலுக்கும். அப்படியானால் மென்மையான வில்லையே பொருத்திவிடலாமே! ஆனால் வெற்று வண்டியிலேயே 20 செ.மீ. அமுங்கும் வில்லின்மேல் எடை இரட்டித்தால், அது 40 செ.மீ. அமுங்க வேண்டும். அவ்வளவு இடம் வண்டியின் அடியில் ஏது? இருசு மேலே வந்து மோதும்.

1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமாயிற்று. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசையைச் செலுத்தவல்ல இவ்வண்டிக்குக் கமான் பட்டைகளே பொருத்தப்பட்டன. அவை எடையைத் தாங்குவதோடு இருசையும் இடம் பெயராமல் பிடித்துக்கொள்ளும். கூடுதல் சுமைக்குப் பட்டைகளைக் கூட்டினால் போதும். ஆயினும் விறைப்பான வில்லுக்குச் சொகுசுக் குறைவைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கரடுமுரடான நிலத்தில் சக்கரம் பள்ளத்திற்குள் இறங்கித் தரையைத் தொட வேண்டும். அந்தரத்தில் சுழலும் சக்கரம் வண்டியை இழுக்காது.

இதை உணர்ந்த ஸ்பென் கிங் என்ற பொறியாளரின் குழு, 1970இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவருக்கு நீண்ட அசைவுள்ள மென்மையான சுருள்வில்களைத் தேர்ந்தெடுத்தது. சுருள்வில் எடையை மட்டுமே தாங்கும். எனவே இருசைப் பிடித்துக்கொள்ளத் தனிக் கைகள் அமைக்கப்பட்டன. பின்புறம் சுமை ஏறினால் தாழ்ந்துவிடுமே? அதற்கு ஜெர்மனியின் போகே நிறுவனத்தின் கருவி ஒன்று பின் இருசின் நடுவே பொருத்தப்பட்டது. வண்டி ஓடும்போது ஏற்படும் அசைவே அதனுள் எண்ணெயை அழுத்தி, தாழ்ந்த பின்பகுதியைப் பழைய மட்டத்துக்கு உயர்த்தியது. வேறு எஞ்சினோ பம்ப்போ தேவைப்படவில்லை.

விரைவிலேயே கடும் சோதனை வந்தது. 1971 டிசம்பரில் பிரிட்டிஷ் இராணுவக் குழு ஒன்று இரண்டு ரேஞ்ச் ரோவர்களில் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்முனைக்குப் புறப்பட்டது. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையிலுள்ள, சாலையே இல்லாத டாரியன் காட்டைக் கடக்க மட்டும் ஏறத்தாழ நூறு நாட்கள் ஆயின. அங்கே அளவுக்கு மீறிய சுமையும், சேற்றுக்கென மாட்டிய பெரிய டயர்களும் சேர்ந்து டிஃபரன்ஷியல்களை உடைத்தன. பழுது நீக்கி, 1972இல் குழு பயணத்தை முடித்தது.

இந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடம் என்ன? வில் சுமையைத் தாங்கினாலும், அந்தச் சுமை இருசு, பற்சக்கரம், டயர் ஆகிய அனைத்தின்மீதும் அமர்கிறது. தடித்த வில் வண்டியின் பின்பகுதியை நிமிர்த்தலாம். மற்ற உறுப்புகளின் வலிமையைக் கூட்டாது.

1983இல் வெளிவந்த லேண்ட் ரோவர் ஒன் டென் வண்டியிலும் சுருள்வில்கள் இடம்பெற்றன. உழைக்கும் வண்டிக்கும் மென்மை ஏற்றதே என்பது அதனால் உறுதியாயிற்று. ஆகவே வில்லைத் தேர்ந்தெடுக்கும் முன் எடைமேடையில் வண்டியை நிறுத்திப் பார்ப்பதே அறிவுடைமை. எப்போதும் சுமக்கும் எடைக்கு ஏற்ற வில்லே நல்ல வில். என்றோ ஒரு நாள் ஏற்றும் சுமைக்காக விறைப்பான வில்லை மாட்டினால், மற்ற நாட்களெல்லாம் குலுங்க வேண்டியதுதான்.