ஆர்த்தோவுக்குள் ஒரு குழந்தை

முழங்கால் வலி என்று யாராவது சொன்னால், "ஆர்த்தோ டாக்டரிடம் காட்டினீங்களா?" என்று கேட்கிறோம். ஆர்த்தோ என்றால் எலும்பு என்பதே பலரின் எண்ணம். அந்தச் சொல்லில் எலும்பே இல்லை. கிரேக்கத்தில் 'ஆர்த்தோஸ்' என்றால் நேரானது, நிமிர்ந்தது. எலும்புக்கு அங்கே 'ஆஸ்டியான்' என்ற சொல் தனியாக உண்டு. ஆஸ்டியோபொரோசிஸில் இருப்பது அதுதான்.

ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய நூல்களிலேயே 'ஆர்த்தோப்னியா' வந்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும், நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் அடங்கும். இதய நோயாளியிடம் டாக்டர், "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீங்க?" என்று கேட்பது இதை அறியத்தான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் சொல்லின் பொருள் இம்மியும் நகரவில்லை.

அந்த 'ஆர்த்தோ'வைக் கைகால் பக்கம் கொண்டுவந்தவர் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரி. 1741இல், எண்பது வயதைக் கடந்த பிறகு, பாரிஸில் ஒரு நூல் வெளியிட்டார். 'ஆர்த்தோஸ்' என்பதோடு குழந்தையைக் குறிக்கும் 'பைடியான்' என்பதைச் சேர்த்து, 'ஆர்த்தோபெடி' என்று பெயர் வைத்தார். பிள்ளைகளின் உடல் கோணாமல் காக்கவும், கோணினால் திருத்தவும் பெற்றோருக்குச் சொல்லித்தரும் நூல் அது. அதில் ஒரு படம் உண்டு: தண்டு வளைந்த இளமரம், பக்கத்தில் நேராக நட்ட கம்பு, இரண்டையும் சுற்றிக் கட்டிய கயிறு. பல நாடுகளின் எலும்பு மருத்துவச் சங்கங்களுக்கு இன்றும் அந்த மரம்தான் சின்னம்.

பிறகு பெரியவர்களின் முறிவு, மூட்டுத் தேய்மானம் எல்லாம் அந்தப் பெயருக்குள் வந்து சேர்ந்தன. குழந்தை மறந்துபோயிற்று.

மறக்காத இடம் ஒன்று இருக்கிறது. பாதம் உள்பக்கம் மடங்கிப் பிறந்த, சில வாரமே ஆன குழந்தை. டாக்டர் கட்டைவிரலால் பாதத்தை மெல்லத் திருப்பிப் பிடித்துக்கொள்ள, தொடைவரை மாவுக்கட்டு போடுகிறார்கள். வாரம் ஒரு முறை கட்டைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் திருப்பி, புதுக்கட்டு. பெரும்பாலும் ஐந்தாறு கட்டுகளில் பாதம் திரும்பிவிடும்; பலருக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டும் வேண்டியிருக்கும். ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய இக்னாசியோ பொன்செட்டி வகுத்த முறை இது. முழங்கால் மாற்று அறுவை நடக்கும் அரங்கைவிட, இந்த மாவுக்கட்டு மேசையே ஆர்த்தோபெடிக்குச் சொந்த வீடு என்பேன்.

கட்டுகள் முடிந்ததும், கம்பியால் இணைத்த ஜோடி ஷூவை முதல் மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுவதும், பிறகு இரவுதோறும் நான்கு வயதுவரை மாட்ட வேண்டும். விட்டுவிட்டால் பாதம் மறுபடி மடங்கக்கூடும். தூங்கும் பிள்ளையின் காலில் அதை மாட்டுவது அம்மாவும் அப்பாவும்தான். ஆந்த்ரி எழுதியதும் அவர்களுக்காகத்தான்.