டெப்ற்போட்டில் ஒரு தோட்டம்

1901ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 43 பேர் ஆரம்பப் பாடசாலைகளிற் சேர்க்கப்பட்டிருந்தனர். தாய்மார் ஆலைக்கும் கூலிவேலைக்கும் சென்றமையால், பாடசாலையே குழந்தைகளைக் காக்கும் இடமாயிற்று. ஆனால் அங்கு அவர்களுக்குக் கிடைத்தது யாது? படிப்படியாக உயர்ந்து செல்லும் வாங்குகளில் நெருக்கி இருத்தப்பட்டு, கைகட்டி, வாய் பொத்தி, ஆசிரியை சொல்வதைத் திருப்பிச் சொல்வதே அவர்தம் நாளாந்தக் கடமையாக இருந்தது. அசையாதிருக்கும் குழந்தையே நல்ல குழந்தை எனப்பட்டது.

1905இல் அரசாங்கக் கல்விப் பகுதியைச் சேர்ந்த பெண் பரிசோதகர் ஐவர் இப்பாடசாலைகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டனர். இவ்வாறு இருத்தி வைப்பதாற் சின்னஞ்சிறு பிள்ளைகள் அறிவு நலம் எதனையும் பெறவில்லை என்பதே அதன் சாரம். அறிக்கையின் பயன் விந்தையானது. ஐந்து வயதுக்குக் குறைந்தோரைச் சேர்க்காதுவிட உள்ளூர் அதிகாரிகளுக்கு அனுமதி அளிக்கப்பட்டது. அவர்களும் பல ஊர்களிற் கதவைச் சாத்தினர். வாங்கிலிருந்து விடுபட்ட குழந்தை எங்கே போகும்? ஏழைகளின் குடியிருப்புகளில் அதற்கு இருந்தது தெரு ஒன்றே. ஓடியாட இடம் தேவை என்று சொன்ன அறிக்கை, அந்த இடத்தை எவர் அளிப்பது என்பதற்கு வழி காணாமற் போயிற்று.

இலண்டனின் தென்கிழக்கே, தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டெப்ற்போட் அத்தகைய குடியிருப்பு. எட்டாம் ஹென்றி மன்னன் 1513இல் அங்கு அமைத்த அரச கப்பற்றளம் 1869இல் மூடப்பட்டது. கப்பல் கட்டிய இடத்திற் பின்னர் கடல் கடந்து வந்த மாடுகளின் சந்தை நடைபெற்றது. ஒடுங்கிய வீதிகள், ஒளி புகாத அறைகள், றிக்கற்ஸ் நோயினால் எலும்பு மெலிந்து கால் வளைந்த குழந்தைகள் — இவையே அப்பகுதியின் அடையாளங்கள்.

அங்குதான் மாகிரற் மக்மிலன், அவர் தமக்கை றேச்சல் மக்மிலன் ஆகிய சகோதரியர் 1910இல் பிள்ளைகளுக்கான வைத்தியசாலையை நடத்தத் தொடங்கினர். ஸ்கொட்லாந்துப் பெற்றோருக்கு அமெரிக்காவிற் பிறந்த இவ்விருவருள் மாகிரற் பிராட்போட் நகரப் பாடசாலைச் சபையில் அங்கம் வகித்தவர்; பேச்சிலும் எழுத்திலும் வல்லவர். றேச்சல் சுகாதாரப் பணியிற் பயிற்சி பெற்றவர். மருந்து கொடுத்துக் குணமாக்கி அனுப்பிய பிள்ளை, சில வாரங்களில் அதே நோயுடன் மீண்டும் வந்து நின்றது. நோய் வீட்டிலும் தெருவிலும் இருக்க, மருந்து மட்டும் என் செய்யும்? 1911இற் பெண்பிள்ளைகள் திறந்த வெளியில் உறங்குவதற்கு ஓர் இராக்கால முகாமை அமைத்தனர். அதன் நற்பயனைக் கண்டதும் இன்னும் இளைய குழந்தைகளை நோக்கினர்.

1914இல் ஏறக்குறைய ஓர் ஏக்கர் வெறுநிலம் கிடைத்தது. நிலம் இலண்டன் நகர ஆட்சி மன்றத்துக்கு உரியது. வாடகை ஆண்டுக்கு ஒரு சிலிங். ஒருநாள் அறிவித்தலில் அதனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை!

அந்நிலத்திற் பெருமண்டபம் எழவில்லை. ஒரு பக்கம் முழுவதும் திறந்த தாழ்வான கொட்டகைகளே எழுந்தன, எஞ்சியது தோட்டம். பூஞ்செடி, கீரைப்பாத்தி, மூலிகை, மரநிழல், புறாவும் முயலும் கோழியும். ஏறி இறங்கப் படிகளும் மேடுகளும், ஓடப் பாதைகளும், தோண்ட மணற்குழியும் இருந்தன. ஒரு மூலையிற் கல்லும் பழைய இரும்பும் உடைந்த சட்டியுமாக ஒரு குப்பைமேடு வேண்டுமென்றே விடப்பட்டது. பிள்ளைகள் மிக விரும்பிய இடம் அதுவே என்பதை மாகிரற் கண்டறிந்து எழுதியுள்ளார். விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள்களை வாங்கிப் பூட்டி வைப்போர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். குளிப்பு, உணவு, நண்பகலிற் கட்டிற்றுணியில் உறக்கம். மற்றப்பொழுதெல்லாம் வெளியில் ஆட்டம்.

இவ்வெண்ணம் முற்றிலும் புதியதன்று. ஸ்கொட்லாந்தின் நியூ லனார்க் பருத்தியாலையில் றொபேட் ஓவன் 1816இலேயே தொழிலாளரின் குழந்தைகளுக்கு விளையாட்டு முற்றமும் ஆடலும் பாடலும் அளித்தார். ஆடல் தகாதென்று அவருடைய பங்காளிகளே அதனைப் பின்னர் குறைத்துவிட்டனர். டெப்ற்போட் சகோதரியரின் நிலை வேறு. குழந்தையின் ஆட்டத்தை அவர்கள் களிப்பென்று மாத்திரம் கருதவில்லை; நோய் தீர்க்கும் வழியாகவும் கொண்டனர். சூரிய ஒளியும் மீனெண்ணெயும் றிக்கற்ஸ் நோயைத் தீர்க்கும் என்பதை விஞ்ஞானிகள் சோதனையால் நிலைநாட்டியது 1919ஆம் ஆண்டளவிலேயே. விற்றமின் டி எனும் பெயர் வந்ததும் அதன் பின்னரே. ஆய்வுகூடம் காரணம் கூறுமுன் தோட்டம் காரியத்தைத் தொடங்கிவிட்டது.

நிற்க, 1914இல் உலகப் போர் மூண்டது. தாய்மார் வெடிமருந்துச் சாலைகளுக்குச் செல்ல, குழந்தைகளின் தொகை பெருகிற்று. ஓயா உழைப்பினால் நலிந்த றேச்சல், 1917 மார்ச் 25ஆம் நாள், தமது 58ஆவது பிறந்த நாளன்றே காலமானார். மாகிரற் தனித்து நின்றார். தோட்டத்துக்குத் தமக்கையின் பெயரைச் சூட்டினார். 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் பாடசாலைகளுக்குப் பொதுப்பணம் வழங்க இடமளித்தது, ஆயினும் கட்டாயப்படுத்தவில்லை. சில ஆண்டுகளில் வந்த சிக்கன நடவடிக்கைகளால் அச்சலுகையும் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 1921இல் விரிவாக்கப்பட்ட பாடசாலையை மேரி மகாராணியார் திறந்து வைத்தார். ஆசிரியைகளைப் பயிற்றும் கல்லூரி ஒன்று 1930இல் அருகே எழுந்தது. மறு ஆண்டு மாகிரற்றும் மறைந்தார்.

ஒருநாள் அறிவித்தலிற் பறிக்கப்படக்கூடியதாக இருந்த அந்நிலம் பறிக்கப்படவில்லை. இன்று மக்மிலன் வீதி எனப் பெயர்பெற்ற தெருவில், றேச்சலின் பெயர் தாங்கிய பாலர் பாடசாலை நூறாண்டைக் கடந்துவிட்டது.