தரப்படுத்தலும் வகுப்பறையும்: புள்ளிகள் எதனை அளந்தன?

பரீட்சைப் புள்ளி மாணவரின் ஆற்றலை மட்டும் அளப்பதன்று. பாடசாலையில் ஆய்வுகூடம் உண்டா, பௌதிகவியல் கற்பிக்க ஆசிரியர் உளரா, தனியார் வகுப்புக்குப் பணம் செலுத்தப் பெற்றோரால் இயலுமா என்பனவும் அப்புள்ளியிலே பதிவாகின்றன. ஆகவே, புள்ளிகளைத் தொகுத்து ஆராயும் அரசின் முன் இரு வழிகள் உள. குறைந்த புள்ளி கிடைக்கும் இடங்களிற் கற்பித்தலைச் சீர்செய்யலாம். அல்லது புள்ளியையே திருத்தியமைக்கலாம். 1970களில் இலங்கையில் முதன்மை பெற்றது இரண்டாவது வழியே. தரப்படுத்தல் பற்றி இனவுரிமை நோக்கில் நிறையவே எழுதப்பட்டுள்ளது. அந்நோக்கின் நியாயத்தை ஏற்றுக்கொண்டே, அளவீட்டின் வரலாறாகவும் அதனை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

1945இன் இலவசக் கல்வியும் அதனையடுத்த தாய்மொழிமூலக் கல்வியும் உயர்தர வகுப்புகளை எட்டுவோர் தொகையைப் பெருக்கின. விஞ்ஞானத் துறைகளுக்கான பல்கலைக்கழக இடங்களோ அவ்வேகத்திற் பெருகவில்லை. விஞ்ஞானக் கல்வியின் வளங்கள் யாழ்ப்பாணம், கொழும்பு ஆகிய பகுதிகளின் பழம்பெருங் கல்லூரிகளிலேயே குவிந்திருந்தன. கிராமப்புற மாணவர் பெரும்பாலும் கலைத்துறைக்குள் ஒதுங்கினர். பட்டம் பெற்றும் வேலையற்று நின்றனர். 1971 ஏப்ரல் கிளர்ச்சியின் பின்னணியில் இவ்விரக்தியும் இருந்தது. எனவே, ஏற்றத்தாழ்வு கற்பனையன்று. அதற்குக் கண்ட பரிகாரமே பிழையானது.

1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசில் லங்கா சமசமாசக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்காளிகளாயிருந்தன என்பதை முற்போக்காளராகிய நாம் மறந்துவிடலாகாது. 1971இல் நடைமுறைக்கு வந்த அனுமதியில், 400 புள்ளிகளுள் பேராதனைப் பொறியியற்றுறைக்குத் தமிழ்மொழிமூல மாணவர் 250ம் சிங்களமொழிமூல மாணவர் 227ம் பெறவேண்டியிருந்தது. 1973இல் இவ்வேறுபாடு புள்ளிவிபரவியலின் வடிவம் பெற்றது: ஒவ்வொரு மொழிமூலத்தினதும் புள்ளிகள் பொதுவான இடைக்கும் நியமவிலகலுக்கும் இசைய மாற்றப்பட்டன. இம்முறையின் அடியில் மறைந்துகிடந்த எடுகோளை நோக்குதல் வேண்டும். இரு குழுக்களின் சராசரிகளும் சமமாகவே இருத்தல் வேண்டும், இல்லையெனின் அளவுகோலே பிழை, என்பது அது. சராசரி ஏன் வேறுபட்டது என்ற வினா அத்துடன் அடங்கிவிட்டது. 1974இல் மாவட்டப் பங்கீடும் சேர்ந்தது. 1970இல் விஞ்ஞானத்துறை அனுமதியில் ஏறத்தாழ 35 சதவீதமாயிருந்த தமிழர் பங்கு 1974இல் ஏறத்தாழ 21 சதவீதமாயிற்று.

மாவட்டப் பங்கீட்டால் மன்னார், வவுனியா, மட்டக்களப்பு போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவருஞ் சிலர் பயனடைந்தனர். ஆயினும் மாவட்டம் நிருவாக அலகேயன்றி வர்க்க அலகன்று. யாழ்ப்பாண நகரின் புகழ்பெற்ற கல்லூரி மாணவரும், சாதியால் ஒடுக்கப்பட்ட கிராமத்தின் வசதியற்ற பாடசாலை மாணவரும், அக்காலத்தில் அம்மாவட்டத்துள் அடங்கியிருந்த கிளிநொச்சியின் குடியேற்ற விவசாயியின் பிள்ளையும் ஒரே நிரலில் நிறுத்தப்பட்டனர்.

மலையகத்தில் இம்முரண்பாடு உச்சம் பெற்றது. பங்கீடு மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகையைக் கொண்டு கணிக்கப்பட்டது. நுவரெலியா போன்ற மாவட்டங்களில் அத்தொகையின் பெரும்பகுதியினர் பெருந்தோட்டத் தொழிலாளர். 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களும் அவர்களே. தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான வகுப்பு அரிதினும் அரிது. எனவே, தொழிலாளியின் பிள்ளை இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டுதற்குக் கணக்கிலெடுக்கப்பட்டது. அவ்விடங்களோ அம்மாவட்டத்தின் ஏனையோரைச் சென்றடைந்தன. உழைப்பின் பயன் பிறர்க்குச் சேரும் தோட்டத்து நியதி கல்வியிலும் தொடர்ந்தது.

1977இல் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்தின் பின் மொழிமூலத் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்டப் பங்கீடு வெவ்வேறு விகிதங்களில் நிலைத்தது. 2001இல் வந்த இசற்புள்ளி முறை, பாடங்களுக்கிடையிலான கடினவேறுபாட்டை ஈடுசெய்ய முனைந்தது. ஆனால் 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களின் மாணவர் ஒரே தொகுதியாகக் கணிக்கப்பட்டமையால், 2012இல் உயர்நீதிமன்றமே தலையிட்டுத் தனித்தனிக் கணிப்பைப் பணிக்க நேர்ந்தது. யாரை யாருடன் ஒப்பிடுகின்றோம் என்பது வெறுங் கணிதப் பிரச்சினையன்று என்பதை இது மீண்டும் உணர்த்திற்று.

புள்ளிவிபரத்தை நாம் நிராகரிக்கவில்லை. எந்தப் பாடசாலையில் இரசாயனவியல் ஆசிரியரில்லை, எத்தோட்டத்திலிருந்து உயர்தர விஞ்ஞான வகுப்புக்கு எவருமே செல்வதில்லை என்பவற்றைக் காட்டவல்லதும் அதுவே. அப்பயன்பாட்டில் இலக்கங்கள் வகுப்பறையை மாற்றும் கருவியாகும். பற்றாக்குறையை அப்படியே வைத்துக்கொண்டு அதனைப் பங்கிடுதற்கு மட்டும் அவை பயன்படுமிடத்து, ஒடுக்கப்பட்டோர் தம்முள் மோதுவதற்கான களமே விரியும். இலங்கை அதற்குக் கொடுத்த விலையை நாம் அறிவோம்.